முதல் அரைமணி

அதிகாலை மூன்று பத்து. நியூ பெட்ஃபோர்ட்.
ஆற்றங்கரையில், எங்கள் பழைய இரும்பு யார்டில்
இருபத்தாறு நாள் கழித்து மழை.

மழை வாசம் என்று உருகுகிறவர்கள்
ஒருமுறை இங்கே வந்து மூச்சை இழுத்துப் பார்க்கட்டும்.
டீசல். பிரேக் தூசி.
யாரோ எப்போதோ சிந்திவிட்டு
மரத்தூள் தூவி மறந்த ஹைட்ராலிக் எண்ணெய்.
தரை இருபத்தாறு நாளாக விழுங்கியதை எல்லாம்
ஒரே மூச்சில் கக்குகிறது.

கொக்கியால் மூடியை நகர்த்தி
குழாய் வாய்க்கு மேலே குப்புறக் கிடக்கிறேன்.
நெற்றியில் விளக்கு, கையில் நீலக் கையுறை,
அடியில் நாலு சொட்டு அமிலத்தோடு ஒரு குப்பி.
நீர் ஓடத் தொடங்கி அரைமணிக்குள்
பிடித்தாக வேண்டும்.
அதற்கப்புறம் வரும் நீர் நல்ல பிள்ளை.
குளித்து முடித்தவனின் வாளியைப் பார்த்து
அழுக்கை அளக்க முடியாது.

போன வருடம் நான் காத்திருந்தேன்.

மேலாளர் வெண்டல் தாக்கர்
பொய் எழுது என்று சொல்லவில்லை.
"என்ன அவசரம் ஃபிலோமினா,
ஒரு காபி குடித்துவிட்டுப் போயேன்" என்றார்.
குடித்தேன். இரண்டு சர்க்கரை.
ஐம்பது நிமிடம் கழித்துப் பிடித்த தண்ணீருக்கு
இருபது நிமிடம் என்று எழுதினேன்.
துத்தநாகம் எழுபத்தொன்று. எல்லை தொண்ணூறு.
வெண்டல் எல்லோருக்கும் டோனட் வாங்கினார்.

ஆற்றோரம் ஒரு பலகை உண்டு,
மீன் தின்னாதே என்று மூன்று மொழியில்.
என் அம்மாவின் போர்த்துகீசியமும் அதில் ஒன்று.
அன்று வேலை முடிந்து அதைக் கடந்து போனேன்.
எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று
தேடிக்கொண்டே நின்றேன்.
இல்லை.

இந்த வருடம் நேரத்துக்குப் பிடித்தேன்.
முந்நூற்று நாற்பது.

கூட்டினோம், உறிஞ்சினோம்,
குவியல்களுக்குத் தார்ப்பாய் போர்த்தினோம்,
வடிகால் வாய்க்கெல்லாம் வடிதுணி கட்டினோம்.
முந்நூற்று இருபத்தெட்டு.

அடுத்த மழையில் ஒன்பது குப்பிகளோடு
நீரை எதிர்த்து நடந்தேன்.
எடைமேடை தாண்டி, பேட்டரிக் கொட்டகை தாண்டி,
ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டு அடெலினோ
"எதைத் தொலைத்தாய்?" என்று சிரிக்க,
கடைசிக் குப்பி நிரம்பிய இடம்
கூரையிலிருந்து இறங்கும் குழாய்.

இரும்பு நனையக் கூடாதென்று
எங்கள் காசில் நாங்களே போட்ட
பளபளக்கும் துத்தநாகத் தகடு.
எட்டு வருடமாக மழையைத் தடுத்து,
தடுத்த ஒவ்வொரு துளியிலும்
தன்னைக் கொஞ்சம் சுரண்டிக் கொடுத்திருக்கிறது.
வேலிதான் மேய்ந்திருக்கிறது.
நாங்கள் மாட்டைக் கட்டி வைத்து
உதைத்துக்கொண்டிருந்தோம்.

கூரைக்கு வண்ணம் பூச விலை கேட்டார் வெண்டல்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அடெலினோவின் மைத்துனனுக்குச் சிப்பி வியாபாரம்.
ஒரு லாரி வெற்று ஓடு, சும்மாவே கொடுத்தான்.
நீலப் பீப்பாய் ஆறில் அள்ளிக் கொட்டி
கூரைக் குழாய்களுக்குக் கீழே நிறுத்தினோம்.
ஓட்டின் சுண்ணாம்பு
துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறதாம்.
பிடித்ததோ இல்லையோ,
யார்டு முழுக்கக் கடல் நாற்றம்.
மறுநாளே கடற்புறாக்கள் வந்து
கிரேன்மேல் உட்கார்ந்து ஏமாந்து போயின.

தொண்ணூற்றாறு வந்தது முதலில்.
பிறகு நூற்றுப் பதின்மூன்று.
ஓடு மாற்ற வேண்டுமோ,
இல்லை டயர் தூசியோ, தெரியவில்லை.
வெண்டல் டோனட் வாங்கவில்லை.
காபியும் குடிக்கச் சொல்லவில்லை.

இதோ, குழாய் தொண்டையைச் செருமுகிறது.
முதலில் ஒரு சிகரெட் துண்டு,
பின்னால் கறுப்பாக ஒரு நூல்,
அப்புறம் நீர்.
குப்பியைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
கழுத்து வழியே முதுகில் இறங்குகிறது மழை.
மூடி. சீட்டு. பனிக்கட்டிப் பெட்டி.

நீர் ஓடத் தொடங்கியது: மூன்று பதினாறு.
பிடித்தது: மூன்று இருபத்திரண்டு.
நனைந்த சீட்டில் பென்சில் வழுக்குகிறது.
இரண்டாம் முறை அழுத்தி எழுதுகிறேன்,
அதே எண்ணை.